அன்றைக்கு யார் முறை

தாராவி,
10 ஜூன் 2025

என் செல்ல மருமகள் பூமாரிக்கு,

அத்தை கோகிலவாணி எழுதுகிறேன். இங்கே மழை ஆரம்பித்துவிட்டது, எனக்குச் சளியும் ஆரம்பித்துவிட்டது, மற்றபடி திடமாக இருக்கிறேன். அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, நல்லபடியாக இருக்கிறாயா? இருக்கணும்.

உங்கள் விடுதியில் போனை வாங்கிப் பூட்டிவிடுவார்களாம், ஞாயிற்றுக்கிழமை நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும்தான் கையில் தருவார்களாம். உன் அப்பா சொன்னான். அந்த நேரத்தில்தான் எங்கள் கண்ணாடிக் கடையில் நிற்க இடமிருக்காது. செம்பூர்க்காரர்கள் எல்லோருக்கும் கண் தெரியவில்லை என்ற விஷயம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் ஞாபகம் வரும் போலிருக்கிறது. அதனால் நமக்குள் கடிதம்தான். நீ பிளஸ் ஒன் சேர்ந்தபிறகு அத்தைக்கு எழுதும் தமிழில் பிழை இருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

உன் அத்தை இப்போது கொஞ்சம் பிரபலம். சிரிக்காதே. இரண்டு வருஷமாகப் பேய்க்கதை சொல்லி வீடியோ போடுகிறேன். விடியுமுன் குழாயடி வரிசையில் யாருடையது என்று தெரியாத ஒரு குடம் வந்து நிற்கும். எப்போதும் ஏழாவது இடத்தில். அதை நகர்த்தியவர்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் கதை. இதுவரை அறுபத்தொரு கதை சொல்லியாயிற்று. பார்க்கிறவர்கள் லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். குடத்துக்காரி நானாக இட்டுக்கட்டிய பெண், வேறு யாருமில்லை. நீ படிக்கிற பிள்ளை, அதையெல்லாம் பார்க்க வேண்டாம்.

உண்மையில் எனக்கு அலுத்துவிட்டது. போன மாதம் கடையில் ஒரு தாத்தாவுக்குப் புதுக் கண்ணாடி மாட்டினேன். மனிதர் எதிர்ச்சுவரைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், அப்புறம் தன் மனைவியைப் பார்த்து, "நீ எப்பம்ட்டி இவ்ளோ நரச்ச?" என்றார். அந்த முகத்தை மருந்துச்சீட்டின் பின்பக்கம் வரைந்தேன். நாலு வருஷத்துக்குப் பிறகு பென்சில் பிடித்தேன். படத்தைப் போட்டால் கீழே வரிசையாக ஒரே கேள்வி: "குடம் எங்கே?" நம் பக்கத்துவீட்டுப் பெண் சாதியாதான் என் வீடியோக்களை வெட்டி ஒட்டிப் போடுகிறவள். அவள் சொல்கிறாள், "அக்கா, ஜனங்க குடத்தப் பாக்கத்தான் வாராங்க. தாத்தா படம் காட்டுனா போயிக்கிட்டே இருப்பாங்க. ஒரே லைன்ல நில்லுங்க."

நான் என்ன சயான் ஸ்டேஷன் தூணா, ஒரே இடத்தில் நிற்க?

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது.

உன் அத்தை,
கோகிலவாணி


பாளையங்கோட்டை,
24 ஜூன் 2025

அன்புள்ள அத்தைக்கு,

பூமாரி எழுதுவது. நான் சுகம். சளிக்கு மாத்திரை போட்டீர்களா? நீங்கள் போட மாட்டீர்கள். அம்மா இருந்தபோதும் அம்மாதான் உங்களுக்கு மிளகு தட்டித் தருவாள்.

விடுதியில் சாப்பாடு பரவாயில்லை. என் அறையில் நாலு பேர். என்னை எல்லோரும் "பாம்பே" என்று கூப்பிடுகிறார்கள். நான் தாராவி என்று சொன்னால் அது சினிமாவில் வரும் இடம்தானே என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு மணி நேரமும் அப்பாவிடம் பேசுவதற்கே சரியாகப் போய்விடுகிறது. வேறு எதுவும் பார்ப்பதில்லை.

நீங்கள் திரும்பப் படம் வரைவது நல்லது. எனக்கு ஒன்று அனுப்புங்கள்.

அத்தை, அம்மாவின் எவர்சில்வர் குடம் வீட்டில்தான் இருக்கிறதா? கல்யாணச் சீருக்கு ஆச்சி வீட்டில் பெயர் வெட்டிக் கொடுத்தார்களே, அது. பத்திரமாக இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள். இப்போது வீட்டுக்குத் தண்ணீர் யார் பிடிக்கிறார்கள்?

பிழை இருந்தால் மன்னிக்கவும்.

பூமாரி


தாராவி,
8 ஜூலை 2025

மருமகளுக்கு,

அத்தை நலம். சளி போய் இருமல் வந்திருக்கிறது, அதுவும் போகும். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிழை ஒன்றுகூட இல்லை. எனக்கே பொறாமையாக இருந்தது.

குடம் பத்திரமாக இருக்கிறது. தண்ணீர் நான்தான் பிடிக்கிறேன். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? உன் அப்பா உன்னையும் கூட்டிக்கொண்டு பாண்டுப்பில் அறை எடுத்துப் போனபிறகு இந்தச் சந்துக்குள் கால் வைப்பதில்லை. பண்டிகைக்கு வந்தாலும் மெயின் ரோட்டில் நின்று போன் போட்டு என்னை வெளியே வரச் சொல்கிறான்.

நீ கேட்டபடி ஒரு படம் இதோடு வைத்திருக்கிறேன். விக்ரோலியிலிருந்து வந்த ஒரு அம்மா, வாட்ச் பாகங்கள் மாட்டும் கம்பெனியில் வேலை பார்த்தவர். கண்ணாடி மாட்டியதும் முதலில் தன் உள்ளங்கையைத்தான் பார்த்தார். இதையும் போட்டேன். நான்காயிரம் பேர் விலகிப் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் சாதியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். அறுபத்திரண்டாவது குடக்கதையைச் சொல்லிக் கொடுத்து அனுப்பினேன். என்ன செய்ய? அதைச் சொல்ல உட்கார்ந்தால் எனக்குத் தானாக வருகிறது. வாயைத் திறந்தால் போதும், அவள் வந்துவிடுகிறாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று. உன்னிடம் சொல்லலாமா என்று தெரியவில்லை, சொன்னால் மனசு லேசாகும். பெயரும் படமும் இல்லாத ஒரு ஆள் ஒவ்வொரு வாரமும் கதைக்குக் கீழே ஒரே ஒரு வரி எழுதுகிறார். "அன்னைக்கு யார் முறை?" அவ்வளவுதான். என் கதையில் முறை என்ற பேச்சே கிடையாது பூமாரி. குடத்துக்காரி தனி ஆள். அவளுக்கு வீடு கிடையாது, வீட்டில் இன்னொருத்தி கிடையாது. பின்னே யார் முறை என்ற கேள்வி எங்கிருந்து வருகிறது? சாதியா, ஏதோ மெஷின் எழுதுவது, கண்டுக்காதீங்க என்கிறாள். மெஷினுக்கு என்ன தெரியும், நம் வீட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள் முறை போட்டுத் தண்ணீர் பிடித்தது? அந்த வரியைப் பார்த்த அன்றைக்கெல்லாம் தண்ணீர் பிடிக்கப் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். பேய்க்கதை சொல்கிறவளுக்கே இந்தக் கதி.

நீ இதை நினைத்துப் பயப்படாதே. பரீட்சைக்குப் படி.

அத்தை


பாளையங்கோட்டை,
27 ஜூலை 2025

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். உங்கள் இருமல் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். படம் கிடைத்தது. என் பெட்டியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

பத்தொன்பதாம் தேதியோடு அம்மா போய் நாலு வருஷம். அன்றைக்கு நான் மெஸ்ஸுக்குப் போகவில்லை. வார்டன் கேட்டார், வயிற்றுவலி என்று சொன்னேன். இங்கே என் தோழிகளிடம் அம்மா மழையில் கரண்ட் அடித்து இறந்தாள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். குழாயடி, மோட்டார் வயர் என்று சொன்னால் அவர்களுக்குப் புரியவில்லை. குழாயில் எப்படிக் கரண்ட் வரும் என்று கேட்கிறார்கள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. சில விஷயங்கள் ஞாபகம் இருக்கிறது, சிலது இல்லை. அத்தை, அன்றைக்குக் காலையில் அம்மா தண்ணீர் பிடிக்கப் போனபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

பதில் எழுதுங்கள்.

பூமாரி


தாராவி,
14 செப்டம்பர் 2025

அன்பு பூமாரிக்கு,

அத்தை எழுதுகிறேன். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. கடையில் வேலை அதிகம், பிள்ளையார் ஊர்வலம் வேறு, நடுவில் காய்ச்சலும் வந்தது. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. நீ சுகம்தானே? தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். மாட்டுங்காவில் வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸ், இரண்டு ஜோடி சாக்ஸ், ஒரு ஜாமெட்ரி பாக்ஸ். சிப்ஸை ஒரே நாளில் தின்று தீர்க்காதே.

இங்கே ஒரு வேடிக்கை. என் கதையைப் பார்த்துப் பார்த்து, நம் சந்துப் பெண்கள் குழாயடியில் ஏழாவது இடத்தில் பாத்திரம் வைப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆறு குடம் வரிசையாக இருக்கிறது, பிறகு ஒரு குடம் வைக்கிற அளவு இடம் காலி, அதற்கப்புறம் எட்டாவது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை, தானாக வந்துவிட்டது. பூதத்தான் மாமா பெண்சாதிகூட, ஒரு சொட்டுத் தண்ணீருக்கு ஊரைக் கூட்டுகிற பொம்பளை, அந்த இடத்தைத் தாண்டித்தான் வைக்கிறாள். நான் எங்கே வைப்பேன் என்று கேட்காதே. நான் எப்போதும் கடைசியில்தான் வைக்கிறேன்.

அந்தேரியிலிருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டது. குடக்கதையைத் தொடராகச் செய்ய வேண்டுமாம், மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம். ஆனால் அந்த மூன்று வருஷமும் என் பெயரில் வேறு எதுவும் வெளியே வரக் கூடாது. படம் கூடாது, கண்ணாடிக் கடை கூடாது. "உங்க அடையாளம் குடம்தான் மேடம், அதைக் குழப்பாதீங்க" என்கிறான், மீசை முளைக்காத பையன். அதோடு முதல் நாள் விடியற்காலையில் குழாயடியிலேயே நின்று நேரலையில் கதை சொல்ல வேண்டுமாம். நிஜமான அந்தக் குழாயில்.

சாதியாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்குக் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பூமாரி, ஒருத்தியை ஒரே வேலைக்கு நேர்ந்துவிட்டது போல ஆக்கிவிடுகிறார்களே, இது என்ன நியாயம்? நான் குடத்துக்கு முன்னாலும் ஒரு மனுஷிதானே? எனக்கு ஆத்திரமாக வருகிறது.

வேறு விசேஷம் இல்லை. நன்றாகப் படி.

அத்தை


பாளையங்கோட்டை,
28 செப்டம்பர் 2025

அத்தைக்கு,

நலம். பார்சல் வந்தது. சிப்ஸைத் தோழிகள் தின்றுவிட்டார்கள்.

காலாண்டுப் பரீட்சை முடிந்தது. அப்பா நன்றாக இருக்கிறார்கள், போன ஞாயிறுகூட நாலு மணிக்குப் பேசினேன்.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

பூமாரி


தாராவி,
24 அக்டோபர் 2025

பூமாரி,

நீ நன்றாக இருக்க வேண்டும். அதை மட்டும் முதலில் எழுதிக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு உன் அப்பா வந்தான். மெயின் ரோட்டில் டீக்கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளை உன்னிடம் வாராவாரம் பேசுகிறாளாமே என்று கேட்டேன். அண்ணன் டீயைக் கீழே வைத்துவிட்டான். "எங்க பேசுதா? நாலு மணிக்கு அடிச்சா எடுக்கவே மாட்டா. அஞ்சு மணிக்கு, போனைக் குடுக்கப் போறேன்னு ஒரு மெசேஜ் வரும். அவ்ளோதான் கோகிலா, ஜூன்லருந்து." அவன் கண் கலங்கியதை உன் அம்மா போன அன்றைக்கு அப்புறம் இப்போதுதான் பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். அந்த ஒரு வரி வந்த நாள்களையும் நேரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. நாலு ஐந்து, நாலு இருபது, நாலு ஐம்பத்திரண்டு. ஐந்தைத் தாண்டி ஒன்றுகூட இல்லை. கதவைச் சாத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீதான் கேட்டாய். அப்படியென்றால் உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

என் முறை, பூமாரி. அன்றைக்கு என் முறை.

முந்தின நாள் இரவு வெகுநேரம் வரைந்துகொண்டிருந்தேன். நாலரைக்கு மயினி, உன் அம்மா, என் தோளைத் தட்டினாள். "ஏட்டி கோகிலா, தண்ணி வரப்போவுது, எந்திரி. உன் முறைட்டி." எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு மூச்சை நீளமாக விட்டேன். தூக்கம் இல்லை, நடிப்பு. வெளியே மழை, போர்வை சூடாக இருந்தது. மயினி கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். யாரோ தண்ணீர் இழுக்க மோட்டார் போட்டு, வயரை வெள்ளத்தில் விட்டிருந்தார்கள். சத்தம் கேட்டு நான் ஓடியபோது குடம் ஏழாவது இடத்தில் அப்படியே நின்றது. முதல் ஆறு குடத்துக்குத் துருத் தண்ணீர் வரும், ஏழாவதில் வைத்தால் தெளிந்த தண்ணீர் கிடைக்கும் என்று அவள் எப்போதும் அங்கேதான் வைப்பாள்.

யாரிடமும் சொல்லவில்லை. உன் அப்பாவிடம்கூட. பென்சிலைத் தூக்கிப் போட்டேன். இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் விளையாட்டாகச் சாதியாவின் போனுக்கு முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தேன், குடம் வந்தது. கதையை வெளியே சொன்னால் உள்ளே இருப்பது கொஞ்சம் அடங்கும் போலிருந்தது. பார்க்கிறவர்கள் இன்னும் இன்னும் என்றார்கள். நானும் யாருக்கு என்ன தண்டனை என்று விதவிதமாகச் சொன்னேன். தண்டிக்கப்பட வேண்டியவளை மட்டும் கதைக்குள் விடவே இல்லை.

நீ என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

கோகிலவாணி


பாளையங்கோட்டை,
16 நவம்பர் 2025

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

ஆமாம், அது நான்தான். விடுதிக்கு வருமுன், மே மாதம், தோழி ஒருத்தி பயமாயிருக்கும் பார் என்று ஒரு வீடியோ காட்டினாள். உங்கள் குரல். உங்களுக்குப் பக்கத்தில் அம்மாவின் குடம். கழுத்தில் புள்ளி புள்ளியாக "விஜயலட்சுமி" என்று வெட்டியிருந்தது தெரிந்தது. பெயரை மறைக்க நீங்கள் துணிகூடப் போடவில்லை. கற்பனைப் பெண் என்று எனக்கு எழுதினீர்கள்.

அறுபத்திரண்டையும் பார்த்தேன். இங்கே வந்தபிறகு ஞாயிற்றுக்கிழமை அப்பா அடித்தாலும் எடுக்காமல் பார்த்தேன். கதைக்காக இல்லை, குடத்தைப் பார்க்க. நீங்கள் தாத்தா படம் போட்ட வாரம் எனக்கும் கோபம் வந்தது. குடம் எங்கே என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. உங்களை வரைய விடாதவர்களில் நானும் உண்டு.

உங்கள் முறை என்பது எனக்கு அப்போதே தெரியும். அன்றைக்குக் காலையில் நானும் விழித்துத்தான் கிடந்தேன். அம்மா உங்களை எழுப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, சிரித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "உங்க அத்த தூங்குத மாதிரி நடிக்கா. நடிக்கட்டும் பாவம், ராத்திரி பூராவும் படம் வரஞ்சிருக்கா. நாளைக்கு ரெண்டு நட அவளயே அனுப்பிருதேன்." அப்புறம் நீங்கள் தலைமாட்டில் வைத்திருந்த தாளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "எம் மூக்க எவ்வளவு பெருசா போட்டுருக்கா பாரு" என்றாள். அதுதான் கடைசி.

இதை நான் நாலு வருஷமாக உங்களிடம் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கோபம் இல்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். எனக்குக் கோபம் இருந்தது, அதனால். இதை எழுதும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

நீங்களாகச் சொல்வீர்களா என்று பார்க்கத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். சொல்லிவிட்டீர்கள். இனி கேட்க மாட்டேன்.

ஆனால் அத்தை, உங்கள் கதையில் அவள் ஒவ்வொரு தடவையும் யாரையோ தேடி வருகிறாள், பழி வாங்குகிறாள். எங்கம்மா யாரையும் தேடவில்லை. யாரையும் பயமுறுத்தவில்லை. தண்ணீர் பிடிக்கத்தான் போனாள். அவளை விட்டுவிடுங்கள்.

அந்தப் படம், மூக்குப் படம், என்னிடம்தான் இருக்கிறது. அன்றைக்கு வீட்டில் கூட்டம் கூடியபோது எடுத்து என் கணக்குப் புத்தகத்தில் வைத்துக்கொண்டேன். அதைத் தர மாட்டேன். நீங்கள் வேறு வரைந்துகொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்,
பூமாரி


தாராவி,
9 டிசம்பர் 2025

என் மருமகளுக்கு,

அத்தை சுகம். இதைப் பொய்யில்லாமல் எழுதுகிறேன். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை. அழுதேன், பிறகு மயினி சொன்னதை நினைத்துச் சிரித்தேன், திரும்ப அழுதேன். நாலு வருஷமாக அவள் கோபத்தோடு போனாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டு போயிருக்கிறாள். எது அதிகமாக வலிக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. பன்னிரண்டு வயசுப் பிள்ளை தூக்கக் கூடிய பாரமா அது? அதை நான் கேட்காமலே உன் தலையில் வைத்துவிட்டேன்.

கம்பெனிக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். குடக்கதைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். சாதியா என்னோடு பேசுவதில்லை. இரண்டு வருஷம் அவளும் ராப்பகலாக உழைத்தது, எனக்குப் புரிகிறது, ஆனாலும் வேறு வழியில்லை. கண்ணாடிக் கடை முகங்களைத்தான் போடுகிறேன். பாதிப் பேர் போய்விட்டார்கள். மீதிப் பேர் படத்துக்குக் கீழே "குடம் எங்கே" என்றே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை மாதம் கேட்பார்களோ தெரியாது. கேட்கட்டும். நாளைக்கு முகம் அலுத்தால் மரத்தை வரைவேன், அதுவும் அலுத்தால் பாட்டுப் பாடுவேன். குரல் கேட்டு இருக்கிறவர்களும் ஓடிப்போவார்கள்.

மயினியை வரைய உட்கார்ந்தேன். பூமாரி, எனக்கு அவள் முகம் வரவில்லை. கல்யாண போட்டோவில் இருப்பது வேறு யாரோ போலிருக்கிறது. கண்ணை மூடினால் நான் இட்டுக்கட்டினவள் வந்து நிற்கிறாள், தலைவிரித்து, நனைந்த சேலையோடு. அறுபத்திரண்டு தடவை அவளைச் சொல்லிச் சொல்லி, நிஜமானவளை அழித்திருக்கிறேன். ஒரு வாரம் தாள் தாளாகக் கிழித்தேன். அப்புறம் நீ எழுதியது ஞாபகம் வந்தது. மூக்கிலிருந்து ஆரம்பித்தேன், வேண்டுமென்றே பெரிசாக. மூக்கு மட்டும் அவளுடையதாக வந்திருக்கிறது. மற்றது இன்னும் வெள்ளையாக இருக்கிறது. வரும்போது வரட்டும்.

குடத்தைத் துணியில் சுற்றி உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது உன் கையில் தருவான். இந்தத் தடவை அதை வாங்க அவன் சந்துக்குள் வந்தான், வீட்டு வாசல் வரைக்கும். எல்லாவற்றையும் அவனிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் குடத்தின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுப் போனான். மறுநாள் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்டான்.

இன்று விடியற்காலை தண்ணீருக்குப் போனேன். ஆறு பாத்திரம் இருந்தது. அப்புறம் அந்த இடம் காலி. கதையை எடுத்துவிட்டாலும் இடம் காலியாகத்தான் இருக்கிறது. எட்டாவதிலிருந்து மறுபடி வரிசை. என் பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுபோய் ஏழாவது இடத்தில் வைத்தேன். பேசிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பூதத்தான் மாமா பெண்சாதி என் முழங்கையைப் பிடித்தாள். "ஏ கோகிலா, அது அவ எடம்லா?"

"ஆமா அத்தை," என்றேன். "இன்னைக்கு என் முறை."

தண்ணீர் வந்தது. முதல் ஆறும் துரு. ஏழாவது தெளிவு.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அப்பா போன் போடுவான். எடு.

உன் அத்தை,
கோகிலவாணி